வாரத்தில் மூன்று சாயங்காலம்

எஸ்.எஸ்.எல்.சி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த அன்றைக்கே டிரில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, மூன்று வருடமாக நான் ஆடிய பேட்டை வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார். பள்ளிக்கூடத்துப் பேட் பள்ளிக்கூடத்தில்தான் இருக்க வேண்டும். அவர் மேல் தப்பே இல்லை. இருந்தாலும் அவர் மேல் எனக்கு வந்த கோபம் ஆற வெகுகாலம் ஆயிற்று. படித்து முடித்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆடியும் முடித்துவிட்டேன் என்பது யார் ஞாபகத்திலும் இல்லை.

நான் ஆடியது பூப்பந்து. மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எனக்கு நடுவில் நிற்கும் இடம். வருகிற பந்தில் பாதி என் தலைக்கு மேல்தான் வரும். அதை ஓங்கி ஒரு அடி அடித்தால் எதிரில் இருப்பவள் பேட்டைத் தூக்குவதற்குள் பந்து தரையில் கிடக்கும். தருமபுரியில் நடந்த பள்ளிக்கூடப் போட்டியில் எங்களுக்கு ஒரு கோப்பை கூடக் கிடைத்தது. அதைத் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள்.

பரீட்சை முடிந்த ஒரு மாதத்தில் எனக்குக் கை ஊறத் தொடங்கியது. என்னோடு ஆடிய மற்ற நாலு பேருக்கும் அப்படித்தான். அதில் ஒருத்தி கன்னடம் பேசுகிற வீட்டுப் பெண். அவளுடைய மாமா பெங்களூரில் இருந்து பழைய பேட்டுகளை ஒரு கட்டாகக் கட்டி ரயிலில் கொடுத்து அனுப்பினார். பேட் வந்துவிட்டது, ஆடுவதற்கு இடம்தான் இல்லை. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று பிரிந்து அவள் வீட்டுப் பின்பக்கம் ஆடினால் பந்து கிணற்றில் விழுந்தது. கம்பளிப் பந்து ஒரு தடவை தண்ணீரில் ஊறினால் அப்புறம் அது பந்தாக இருக்காது. எங்கள் கேழ்வரகுக் களத்தில் ஆடினோம். களம் ரோட்டோரத்தில் இருந்தது. பொம்மிடி சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு ஆள் எருமையைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றான். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுகிற வயசுப் பெண்களுக்குச் சுற்றிலும் சுவர் வேண்டும். எங்கள் ஊரில் சுவர் உள்ள மைதானம் ஒன்றே ஒன்றுதான். அது அரசாங்க உயர்நிலைப் பள்ளி மைதானம்.

அந்த மைதானத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் ஏற்கனவே ஒரு கதை உண்டு. என் அண்ணன்தான் ஊர் இளைஞர் மன்றத்துச் செயலாளர். மன்றம் என்று பெரிய பெயரே தவிர, வாலிபால் ஆடுகிற பத்துப் பன்னிரண்டு பையன்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு மைதானத்தில் ஆட அனுமதி கேட்டு அவர்கள் ஒரு வருடம் அலைந்தார்கள். தலைமையாசிரியர் மசியவில்லை. வெளியாட்கள் உள்ளே வந்தால் கண்ணாடி உடையும், பீடித்துண்டு கிடக்கும் என்றார். கடைசியில் பஞ்சாயத்தில் பேசும் வரைக்கும் போனது. அன்றைக்குப் பேசுவதற்காக அண்ணன் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தான். "இது கவர்மெண்டு எடம். ஊர்ல வரி கட்டறவங்க அத்தன பேரு புள்ளைங்களுக்கும் இதுல பாத்தியம் உண்டுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவான். எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சில்தான் மைதானம் அவர்களுக்குக் கிடைத்தது. தினமும் சாயங்காலம் பொழுது சாயும் வரை அவர்கள் ராஜ்யம்.

நாங்கள் ஐந்து பேரும் தலைமையாசிரியரிடம் போய் நின்றோம். கோபக்காரர் என்று பேர். ஆனால் எங்களிடம் தன்மையாகவே பேசினார்.

"ஏம்மா, நீங்க இப்ப ஸ்கூல் பிள்ளைங்க இல்லையே. படிச்சு முடிச்சவங்களை உள்ள விட்டா நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"அவுங்க மட்டும் படிக்கறாங்களா சார்?" என்று நான் வாலிபால் கம்பத்தைக் காட்டினேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது, அங்கே வந்து கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கூட்டம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. பெஞ்சில் ஊர்ப் பெரியவர்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். ஒரு ஓரத்தில் மன்றத்துப் பையன்கள். எங்களுக்கு உட்கார இடம் கிடையாது, தூணோரம் நின்றோம். மற்றவர்கள் என் முதுகைத் தள்ளித் தள்ளி முன்னால் விட்டார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாயில் வந்தது அண்ணனுடைய பேச்சுதான்.

"இது கவர்மெண்டு எடம். ஊர்ல வரி கட்டறவங்க அத்தன பேரு புள்ளைங்களுக்கும் இதுல பாத்தியம் உண்டுங்க."

அவன் கையை ஆட்டுவது போலவே நானும் ஆட்டினேன் போலிருக்கிறது. வராந்தாவே சிரித்தது. அண்ணன் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பேசனது போதும். கல்யாணம் பண்ணிக் குடுக்கற வயசுல என்னாத்துக்கு ஆட்டம்? வூட்டுக்கு நட."

தலைமையாசிரியர்தான் பாதிக் கதவைத் திறந்து வைத்தார். சாயங்காலம் மைதானத்தை மன்றத்துக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர்கள் விட்டுக் கொடுத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் முடியாதுங்க, எங்களுக்கு டோர்னமெண்டு வருது" என்றான்.

மறுநாளில் இருந்து அவனுடைய பனியனைத் துவைப்பதை நான் நிறுத்திவிட்டேன். மன்றத்துப் பனியன், மஞ்சளில் நீலப் பட்டை போட்டது. செம்மண் புழுதி அப்பிக்கொண்டு நாலு நாளில் அது தானாகவே நிற்கிற பக்குவத்துக்கு வந்துவிட்டது. அம்மா எங்கள் இரண்டு பேர் பக்கமும் சேரவில்லை. சோறு போடும்போது அவன் பக்கம் ஒரு கரண்டி குழம்பு குறைந்ததாக எனக்குத் தோன்றியது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

டோர்னமெண்ட் என்று அவன் சொன்னது உண்மைதான். தருமபுரி, பொம்மிடி, அதியமான்கோட்டை என்று சுற்று வட்டாரத்து அணிகளையெல்லாம் அழைத்திருந்தார்கள். நடுவராக வரப்போகிறவர் சேலத்தில் இருந்து வருகிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஆனால் மைதானம் கோடையில் பொடிப்பொடியாகக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் புழுதி கிளம்பும், குதித்தால் குழி விழும். அதைச் சரி பண்ண வேண்டும் என்றால் ஒரே வழிதான். கேழ்வரகு அடிக்கிற களத்துக்குச் செய்வது போல நனைத்து, திமிசு போட்டு இடித்து, சாணி வழித்து மெழுக வேண்டும்.

எங்கள் பக்கம் களம் வழிப்பது பெண்கள் வேலை. ஆண்கள் தண்ணீர் இறைப்பார்கள், திமிசுக்கட்டை பிடித்து இடிப்பார்கள். சாணியைக் கரைத்து ஊற்றி விளக்குமாற்றால் இழுப்பது நாங்கள். ஆம்பிளை ஒருத்தன் விளக்குமாற்றோடு குனிந்து நின்றதை யாராவது பார்த்துவிட்டால் அந்த வருடம் முழுக்க அவனால் டீக்கடைப் பக்கம் போக முடியாது.

அண்ணன் அம்மாவிடம் கேட்டான். அம்மா, "உன் தங்கச்சியக் கேளு. அவதான் இந்த வருசம் நம்ம களத்த வழிச்சா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அவன் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னான். நானும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னேன். வாரத்தில் மூன்று சாயங்காலம், திங்கள், புதன், வெள்ளி, மைதானம் எங்களுக்கு. தலைமையாசிரியர் முன்னால் அதை அவன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் ஐந்து பேரும் வருகிறோம்.

"சாணி போடறது என்னா பெரிய வித்தையா? நாங்களே போட்டுக்கறோம்" என்றான்.

போட்டுக்கொண்டார்கள். விடிவதற்கு முன்னால் போய், கேட்டை உள்பக்கம் சாத்திக்கொண்டு, பன்னிரண்டு பேரும் ஆள் பார்க்காமல் வேலையை முடித்துவிட்டார்கள். வழித்த தரையில் பிறந்ததில் இருந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். ஒருத்தனும் வழிப்பதை நின்று பார்த்தவன் கிடையாது. தண்ணீர் தெளித்து இடிக்காமல், சாணியைக் கரைக்காமல், அள்ளி வந்ததை அப்படியே இட்டிலி மாவு மாதிரி கெட்டியாக அப்பியிருக்கிறார்கள். கெட்டியாக இருந்தால் பலமாக இருக்கும் என்பது அண்ணன் கணக்கு. அன்றைக்கு அடித்த வெயிலில் மத்தியானத்துக்குள் அது காய்ந்து, வெடித்து, ஓரமெல்லாம் சுருண்டு எழுந்துகொண்டது. ஆடுகளம் முழுக்க வறட்டி. எடுத்து அடுப்பெரிக்கலாம். மறுநாள் காலையில் சேலத்து நடுவர் வருகிறார்.

கன்னடத்துக்காரி ஓடி வந்து சொன்னபோது நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன் பாருங்கள், வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது.

அண்ணன் வந்தான். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. கை, முழங்கை, காது மடல் எல்லாம் சாணி.

"வா பாப்பா" என்றான்.

"எத்தன நாளு?"

"மூணு நாளு. சார்கிட்ட சொல்லிட்டேன். அவுரு ஸ்கூல் கேட்டுக்குப் பக்கத்துலதான் நிக்கறாரு."

போனோம். முதலில் அந்த வறட்டியை முழுக்கச் சுரண்டி எடுக்க வைத்தேன். பையன்கள்தான் சுரண்டினார்கள். பிறகு தண்ணீர் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக் கிணறு கோடையில் வற்றிக் கிடந்தது. யார் போய்ச் சொன்னார்களோ, அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் பெரிய பீப்பாய், எங்கள் கிணற்றுத் தண்ணீர். இறக்கினார், திரும்பிப் போனார், மறுபடி கொண்டு வந்தார். இடித்து முடித்த தரையில் நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக நின்றோம். கரைத்த சாணியை ஒருத்தி வீசி ஊற்ற, மற்றவர்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தோம். பொழுது சாய்வதற்குள் ஆடுகளம் பச்சையாகப் பளபளவென்று கிடந்தது. பையன்கள் காலைக் கழுவிக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டே, "களம் நல்லா வந்திருக்குது" என்றார்.

டோர்னமெண்ட் நன்றாக நடந்தது. எங்கள் ஊர் அணி இரண்டாவதாக வந்தது. சேலத்து நடுவர் தரையைக் குனிந்து தடவிப் பார்த்துப் பாராட்டினாராம். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவன் மெதுவாக ஆரம்பித்தான். மூன்று நாள் என்பது கொஞ்சம் அதிகம், பையன்கள் முணுமுணுக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு நாள் என்றால் எல்லோருக்கும் நல்லது. அழுகையை விடக் கோபம்தான் அதிகம். தட்டைத் தள்ளிவிட்டு எழப் போனேன்.

அதுவரை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"களத்துல பாடுபட்டவங்கள வெறுங்கையோட அனுப்பறது நம்ம வூட்டுப் பழக்கம் இல்ல" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "மூணுன்னு சொன்னியா?"

"சொன்னேங்கப்பா."

"அப்ப மூணு."

எங்கள் வீட்டில் கேழ்வரகு அடித்து முடிந்ததும், களத்தில் வேலை செய்த ஒவ்வொருத்தருக்கும் குவியலில் இருந்து அள்ளிக் கொடுத்த பிறகுதான் மிச்சம் வண்டியில் ஏறும். எந்த வருடமும் அது தவறியதில்லை. அப்பா எங்கள் ஆட்டத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கூலியை ஒத்துக்கொண்டார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஆனால் தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். வயசுப் பெண்கள் தனியாக ஆடக் கூடாது; வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கேட்டில் இருக்க வேண்டும். நியாயம்தான். ஆனால் அந்த நேரம் அம்மாக்களுக்கெல்லாம் பால் கறக்கிற நேரம். கன்னடத்துக்காரியின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, எப்போது வீட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. மற்ற அப்பாக்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். கிடைத்தது கையில் இருந்து நழுவிவிடும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அப்பாவிடம் அதற்கு மேல் கேட்க எனக்கே பயம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா கேழ்வரகுக் காட்டில் இருந்து வழக்கத்தை விடச் சீக்கிரம் வந்தார். கை கால் கழுவினார். சட்டை போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதற்கு மட்டும்தான் அவர் சட்டை போடுவார்.

"என்னா பாத்துகிட்டு நிக்கற? கெளம்பு" என்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தது. அதில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார், முதுகு எங்கள் பக்கம். அடுத்த வீட்டுப் பெண்கள் தாவணியைச் செருகிக்கொண்டு ஓடுவதை ஒரு பெரிய மனுஷன் பார்த்துக்கொண்டு உட்காரலாமா? அதனால் அவர் திரும்பவே இல்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அந்த வருடம் முழுக்க. நாங்கள் சண்டை போட்டுக் கத்தினாலும் சரி, ஒருத்தி விழுந்து முழங்கால் பெயர்ந்து அலறினாலும் சரி, "என்னாச்சு?" என்று ரோட்டைப் பார்த்துத்தான் கேட்பார். மாதா கோயில் மணி அடித்ததும் எழுந்து நின்று சிலுவை போட்டு செபம் சொல்வார். அதுதான் எங்களுக்கு ஆட்டம் முடிகிற நேரம்.

திரும்பி நடக்கும்போது எப்போதாவது, "இன்னைக்கு கடைசில ஜெயிச்சுட்ட போல" என்பார். எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. மற்ற பெண்கள் போடுகிற சத்தத்தில் இருந்து ஊகித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தால் நாளைக்கு ஆட்டம் என்று சந்தோஷம். வியாழக்கிழமையும் அதேதான். டிரில் டீச்சர் கூட மனசு இளகி, ஸ்டோர் ரூமைத் திறந்து என் பழைய பேட்டைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணனும் நானும் பேச ஆரம்பித்துவிட்டோம். அவன் பனியனைத் துவைத்தும் கொடுத்தேன். மாதத்துக்கு ஒரு தடவை களத்தை வழித்துக் கொடுப்பதும் நாங்கள்தான். அப்போதெல்லாம் பையன்கள் கூப்பிடாமலே தண்ணீர்க் குடத்தோடு வந்து நிற்பார்கள்.

இடையில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு இடம் கூடி வந்தது. சேலம் பக்கத்துக் குடும்பம், அவர்களும் கோயிலுக்குப் போகிறவர்கள், நிலம் நீச்சு உள்ளவர்கள். பெண் பார்க்க அவர்கள் வந்தது ஒரு புதன்கிழமை. எனக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டு, தலை நிறைய பூ வைத்துவிட்டார்கள். நான் உள் அறையில் உட்கார்ந்துகொண்டு, கல்யாணம் ஆனால் பேட்டை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் போய் நான் ஆடுவேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லக் கூடிய விஷயமா அது? இன்றைக்கு ஆட்டம் கிடையாது என்பதே பெரிய துக்கமாக இருந்தது.

காபி கொடுத்தாயிற்று. பேச்சு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. மழை, கேழ்வரகு விலை, யார் யாருக்கு என்ன உறவு. அப்பா இரண்டு தடவை வாசல் பக்கம் எட்டி வெயிலைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் சுருக்கா பேசி முடிச்சுக்கலாம். பாப்பாவுக்கு இன்னைக்கு ஆட்டம் இருக்குதுங்க."

அம்மா கையில் இருந்த தட்டு தரையில் விழுந்தது.

"ஆட்டமுங்களா? என்னா ஆட்டம்?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"பூப்பந்துங்க. நல்லா ஆடுவா."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்லீங்க. அத்தன புள்ளைங்க ஆடற எடத்துல திரும்பிப் பாக்கறது மொறையா இருக்காது. ஆனா சத்தம் கேக்குமில்ல? அஞ்சு பேரு அடிச்சாலும் எம் பொண்ணு அடிக்கற அடி எதுன்னு எனக்குத் தெரியும். அவ அடிச்சா பந்து திரும்பி வராதுங்க."

உள் அறையில் என் கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. வைத்த மை எல்லாம் கரைந்து போயிற்று.

மாப்பிள்ளையின் அப்பா சிறிது நேரம் மீசையைத் தடவினார். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப நானும் வரேனுங்க. அந்த அடிச் சத்தத்தக் கேட்டுப் பாக்கலாம்."

சேலை மாற்ற நேரமில்லை. பட்டை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். கேட்டோரக் கல்லில் அப்பா ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மாமனாராக ஆகப் போகிறவர், அவரும் ரோட்டைப் பார்த்து. இரண்டு முதுகுகள், இரண்டு வெள்ளைத் துண்டுகள். முதல் பந்து என் தலைக்கு மேல் உயரமாக வந்தது. தேவைக்கு மேலேயே பலமாக அடித்தேன்.